எல்லை தாண்டினால் சுழி இல்லை

சவரிராயன் ஒரு மாட்டின் முதுகைத் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டினால், எருமப்பட்டிச் சந்தையில் அந்த மாட்டின் விலை நூறு ரூபாய் இறங்கிவிடும். அவர் என் அக்காள் இன்னாசிமேரியின் புருஷன். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, கோபப்படவும் உரிமை உண்டு. இரண்டையும் இன்றைக்குச் சேர்த்தே செய்துவிடப் போகிறேன்.

எருமப்பட்டிக்கு இரண்டு மைல் தள்ளி, வேதக்காரர் என்று சொல்கிற கிறிஸ்தவர் வீடுகள் பத்துப் பன்னிரண்டு உள்ள சிற்றூரில் அவருக்குக் குடியிருப்பு. சன்னமான ஆள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, தோளில் துண்டு, வெளுத்த வேட்டி. வேட்டியில் சாணி படாமல் மாட்டு வியாபாரம் பண்ணினவர் சேலம் ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். சாணியெல்லாம் என் அக்காள் பார்த்துக்கொண்டாள்.

அவருடைய தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். இனி யாருக்கும் நஷ்டமில்லை. மாட்டின் உடம்பில் மயிர் வட்டமாகச் சுழன்று கிடக்கிற இடத்துக்குச் சுழி என்று பேர். எங்கள் பக்கத்துக் குடியானவன் பல்லைப் பார்ப்பான், குளம்பைப் பார்ப்பான், நடையைப் பார்ப்பான்; எல்லாம் சரியாக இருந்தும் சுழி கெட்டதென்று ஒருத்தன் சொல்லிவிட்டால் கயிற்றைக் கீழே போட்டுவிடுவான். இருநூற்றெண்பது ரூபாய்க் காளை அத்தோடு நூறு ரூபாய்க்கு வந்து நிற்கும். அந்தக் காளையைத்தான் சவரிராயன் வாங்குவார். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் ஓட்டிக்கொண்டு கிளம்புவார். பத்து நாள் நடந்தால் பாலக்காட்டுப் பக்கத்துச் சந்தை. அங்கே மேய்ச்சல் குறைவு, கன்று வளர்ப்பவன் குறைவு, உழவுக்கும் வண்டிக்கும் கறிக்கும் மாடு ஓயாமல் வேண்டும். மாட்டுக்கு நாலு கால் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு இருநூற்று நாற்பது கொடுப்பார்கள். முதுகில் மயிர் எந்தப் பக்கம் சுழன்றால் அவர்களுக்கென்ன?

ஐம்பத்தாறு வரைக்கும் பாலக்காடும் நம் மாகாணத்திலேதான் இருந்தது. பிறகு அதைக் கேரளா என்று பிரித்து நடுவில் சோதனைச் சாவடி போட்டார்கள். பாஸ், டாக்டர் சர்டிபிகேட் என்று ஆரம்பித்ததும் சோம்பேறி வியாபாரிகள் நாலு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். மாடு வரத்துக் குறைந்ததால் அந்தப் பக்கம் விலை இன்னும் இருபது ரூபாய் ஏறியது. மச்சான் மாதா கோயிலுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வைத்தார். எல்லைக்காக மெழுகுவர்த்தி ஏற்றிய மனுஷனை நீங்கள் வேறெங்காவது கேள்விப்பட்டதுண்டா?

சுழி சாஸ்திரத்தில் அவருக்கு இருந்த ஞானம் ஞானோபதேசத்தில் இருந்திருந்தால் சாமியாரே ஆகியிருப்பார். பழைய ஏட்டில் எத்தனை சுழி இருந்ததோ தெரியாது, மச்சான் வாயில் வருஷத்துக்கு இரண்டு புதிதாகப் பிறந்தன. வாய்தாச் சுழி என்று ஒன்று கண்டுபிடித்தார். அது உள்ள மாட்டை வைத்திருப்பவன் கோர்ட்டு வாசலை விட்டு இறங்கவே மாட்டானாம். வரப்புத் தகராறு இல்லாத குடியானவன் எங்கள் சீமையில் ஏது? அந்த ஒரு சுழியில் மட்டும் ஒரே கோடையில் பதினோரு மாடு வாங்கினார்.

"அப்ப உங்களுக்கு ஆகுமுங்களா?" என்று யாராவது கேட்டால் உத்தரியத்தைத் தொட்டுக் காட்டுவார். "நாங்க வேதக்காரங்க. ஞானஸ்நானம் வாங்குன ஒடம்பு. சுழி எங்களைப் புடிக்காதுங்க." கெட்ட சுழியை வாங்க ஊரில் ஒரே ஆள் அவர்தான் என்று ஆனது இப்படித்தான்.

ஐம்பத்தொன்பது ஐப்பசியில் பெரியசாமியின் காளையில் கண்ணை வைத்தார். பெரியசாமி எருமப்பட்டிக்குக் கிழக்கே பத்து ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருந்தவர். காளை ஆலம்பாடி இனம், கருஞ்சாம்பல் நிறம், நாலு பல். முந்நூற்றுப் பத்துக்குக் குறையாது. மச்சான் போய்த் திமிலுக்குப் பின்னால் தடவினார். உச்சுக் கொட்டினார். ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார்.

"ஏனுங்க வேவாரி, என்னன்னு சொல்லிப்போட்டுப் போங்க" என்றார் பெரியசாமி.

"ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல அம்மிணி சவுக்கியந்தானுங்களே?"

அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து பெரியசாமியின் மனைவி குப்பாயி ஓடிவந்தாள். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருப்பது பாடைச்சுழி என்றும், வீட்டுக்காரியை ஒரு வருஷத்துக்குள் பாடையில் ஏற்றும் என்றும், தயங்கித் தயங்கி, சொல்ல மனமில்லாதவர் போல மச்சான் சொல்லி முடித்தார். சுழி இரண்டும் அங்கே இருந்தது வாஸ்தவம். அதற்கு அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். "இந்தக் காளை இருந்தா நான் என்ற அம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்று குப்பாயி நின்ற இடத்திலேயே அழுதாள். தொண்ணூற்றைந்து ரூபாய்க்குக் காளை கைமாறியது.

மச்சானின் கெட்ட நேரம், அடுத்த வாரமே மலையாளத்துப் பக்கம் வெக்கை நோய் என்று சாவடியை மாடுகளுக்கு மூடிவிட்டார்கள். கையில் இருந்த மற்ற மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பாடைச்சுழிக் காளையை உள்ளூரில் யார் வாங்குவார்கள்? அது அவர் கொட்டகையிலேயே நின்றது.

அதுவரை எந்தச் சுழி மாடும் அவர் வீட்டில் பதினைந்து நாளைக்கு மேல் தங்கியதில்லை. இது மாதக் கணக்கில் தங்கியது. என் அக்காளுக்கு அதன் மேல் உயிர். ஒரே மகள் ரோசியைச் சேலத்தில் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. மச்சான் வீட்டில் பேசினால் விலைதான் பேசுவார். "வா சாமி, தண்ணி குடி சாமி" என்று காளையோடுதான் அவளுக்கு நாள் முழுக்கப் பேச்சு.

இங்கேதான் ஊர் மூக்கை நுழைத்தது. பாடைச்சுழி வீட்டுக்காரியை எப்போது கொண்டுபோகும் என்று ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குப்பாயி வெள்ளி தவறாமல் வந்தாள். முதல் வெள்ளி பாவம் பார்த்து முருங்கைக்காய் கொண்டுவந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"நல்லா இருக்கறேன் அம்மிணி."

"நெசமாலுமா? தலை கிலை சுத்தலியா?"

"எனக்கென்னத்துக்குச் சுத்துது? போ அக்கட்ட."

பத்தாவது வெள்ளி முருங்கைக்காய் வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்கிற முகத்தோடு வந்தவள், என் அக்காளின் கன்னத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அக்காள் அந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தாள். செத்துப்போக வேண்டியவள் சதை போட்டால் ஊருக்குக் கோபம் வராதா?

கோபம் சந்தையில் விலையாக வந்தது. சின்னண்ணன் என்கிற குடியானவன் தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னான். "பாடைச்சுழிக்கே அந்தம்மா கன்னம் உப்பிக்கிட்டு நடமாடுது. என்ற மாட்டுக்கு வெறும் வாய்தாச் சுழி. அதுக்கு எதுக்குங்க நூறு ரூவா கொறைக்கோணும்? எரநூத்தி முப்பது. வேணும்னா புடிங்க."

எருமப்பட்டியிலேயே இருநூற்று முப்பது என்றால் அப்புறம் பத்து நாள் எதற்கு நடப்பது? வழித் தீனிக்கும் சாவடிக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவது மச்சானின் செருப்புத் தேய்மானம்தான். போதாக்குறைக்குச் சாவடியைத் தை மாசம் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மூன்று மாதம் மாடே போகாத இடத்தில் விலை முந்நூறைத் தொட்டுக்கொண்டு நின்றது. முதலில் மந்தையோடு போய் நிற்பவனுக்கு ஒரு வருஷத்து லாபம். மந்தை வேண்டுமென்றால் இங்கே விலை விழ வேண்டும். விலை விழ வேண்டுமென்றால் சுழி பலிக்க வேண்டும். சுழி பலிப்பதற்கு ஒரே தடங்கல், அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தது.

"மேரி, உனக்கு ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று அன்றைக்குக் கேட்டாராம். கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் அக்காளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இல்லீங்களே. நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். மச்சானின் முகம் வாடிப்போயிற்று.

பிறகு விஷயத்தைச் சொன்னார். எட்டே எட்டு நாள் படுத்துக்கொண்டால் போதும். அக்காள் சிரித்தே விட்டாள். எட்டு நாள் வேலை செய்யாமல் படு என்று ஒரு புருஷன் சொன்னால் எந்தப் பொம்பளைக்குக் கசக்கும்? போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள். யாரும் இல்லாத நேரம் பின்வாசல் வழியாகப் போய்க் காளைக்குத் தீனி வைத்துவிட்டு வந்து மறுபடி முனகினாள். ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. குப்பாயி மறுபடியும் முருங்கைக்காயோடு வந்தாள். அந்தத் திங்கள் சந்தையில் மச்சான் ஏழு மாட்டை நூறும் நூற்றுப்பத்துமாகப் பிடித்தார்.

இன்னும் ஐந்து வேண்டும். எட்டு நாளாகியும் சாகவில்லையே, வெறும் காய்ச்சலோ என்று சந்தையில் பேச்சுக் கிளம்பியது. அப்போதுதான் மச்சான் எனக்குக் கார்டு எழுதினார். "இன்னாசிமேரிக்குக் கடுஞ்சீக்கு. உடனே வரவும்."

நான் பரமத்தி வேலூரில் வாழைத் தோட்டம் பார்க்கிறவன். பேர் தோமினிக். எனக்கு அந்த அக்காளை விட்டால் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கார்டு ஞாயிறன்று கையில் கிடைத்தது. திங்கள் முதல் பஸ்ஸில் ஏறினேன். நாமக்கல் வரை ஜெபமாலை சொன்னேன், நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி வரை அழுதேன். பஸ்ஸில் ஓர் அம்மாள் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்குள் ஓடினால், அக்காள் கட்டிலில் சம்மணம் போட்டுக் கம்பஞ்சோறும் கருவாடும் தின்றுகொண்டிருந்தாள்.

"வாடா தோமினிக்கு. கதவைச் சாத்து, நான் சீக்காளி" என்று சிரித்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், தோட்டத்திலிருந்து சுமந்து வந்த வாழைத்தாரைத் தூக்கி அவள் மேலேயே போட்டிருப்பேன். அதற்குள் மச்சான் சந்தைக்குக் கிளம்பிய கோலத்தில் உள்ளே வந்தார். "நல்லதாப் போச்சு, நீயும் வந்துட்டே" என்று என் தோளைத் தட்டினார். "உபதேசியாரு கிட்டச் சொல்லிட்டேன். நாளைக்குச் சாமியாரு வாராரு, மேரிக்கு அவஸ்தை பூச. மணி அடிச்சுக்கிட்டு எருமப்பட்டி ரோட்டு வழியாத்தான் கூட்டிக்கிட்டு வாரேன். நீ பக்கத்துல அழுதுக்கிட்டு நடந்தயின்னா போதும்."

அவஸ்தை பூசுவது என்பது சாகப் போகிறவர்களுக்குச் சாமியார் கடைசியாகத் தைலம் பூசுவது. அக்காள் கையில் எடுத்த உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"அது சாவறவங்களுக்குங்க."

"பூசிக்கிட்டவங்க எல்லாருமா சாவறாங்க? பொழைச்சவங்களும் உண்டு."

"ஒருவேளை நெசமாலுமே நான் செத்துப்போயிட்டனுங்கன்னா?"

"சேச்சே, என்ன பேச்சு" என்று சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்வான். மச்சானின் கண் மேலே கூரையைப் பார்த்தது. சந்தையில் மனக்கணக்குப் போடும்போது அவர் கண் அப்படித்தான் மேலே போகும். நான் பார்த்தேன். அக்காளும் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு அவர், "அப்படியெல்லாம் ஆகாது" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்.

அக்காள் எழுந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீர் போட்டுக் குளித்தாள். கலியாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினாள். காளையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். "அக்கா, எங்கே?" என்று பின்னாலேயே ஓடினேன். இரண்டு மைலும் அவள் நடந்த நடைக்கு நான் ஓடத்தான் வேண்டியிருந்தது.

சந்தையில் மச்சான் புளியமரத்தடியில் நின்றிருந்தார். சுற்றிலும் சின்னண்ணன், பெரியசாமி, இன்னும் முப்பது நாற்பது குடியானவர்கள், ஆளுக்கொரு சுழி மாட்டோடு. மச்சான் முகத்தைச் சுருக்கி, "ராத்திரி தாங்கறதே சந்தேகமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம் கூட்டம் விலகியது. பாடைச்சுழிக் காளை வந்தது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரி தாங்காதவள் வந்தாள்.

ஒருத்தன், "அட சாமி!" என்றான்.

"ஏனுங்க," என்றாள் அக்காள். உரக்கப் பேசவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "இத்தன பேருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க. நான் நல்லா இருக்கறனா, இல்லியா?"

மச்சான் அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற மாடுகளைப் பார்த்தார். நல்லா இருக்கிறாள் என்றால் அந்த நாற்பது மாட்டுக்கும் அதே இடத்தில் விலை ஏறிவிடும், ஒரு வருஷத்து லாபம் போய்விடும். இல்லை என்றால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சொல்லு மச்சான், சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன். வேட்டியில் சாணி தெறித்திருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் தலைவலி இருக்குது" என்றார்.

வியாபாரி! அங்கேயும் நடு விலைதான் சொன்னார்.

அக்காள் அழவில்லை. சரி என்பது மாதிரித் தலையை ஆட்டினாள். காளையைத் திருப்பிக்கொண்டு மேற்கே நாமக்கல் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். பரமத்தி வேலூருக்கு நானும் அவளும் காளையும் நடந்தே மறுநாள் பொழுது சாய வந்து சேர்ந்தோம். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "ஒரு தலைவலிக்கு எவ்வளவுடா கெடைக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

சந்தைக்குத் தெரிந்திருந்தது. பாடைச்சுழிக்கே தலைவலிதான் என்றால் மற்றச் சுழிக்கெல்லாம் என்ன என்று அன்றைக்கே பேசி முடிவு செய்துவிட்டார்கள். கெட்ட சுழி மாட்டுக்கு இனி இருபது ரூபாய் குறைத்தால் போதும், அதற்கு மேல் காலணா குறைக்காதே என்று ஆயிற்று. சாவடி திறந்தபோது மச்சான் ஏழு மாட்டோடு போய், வந்தது போதும் என்று திரும்பினார். அத்தோடு எல்லை தாண்டுவது நின்றது.

நாலு ஞாயிறு கழித்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வெளுத்த வேட்டி மட்டும் அப்படியே இருந்தது, ஆள் பாதியாகியிருந்தார். வீட்டில் தானே பொங்கித் தின்கிறாராம். கொட்டகை காலியாகக் கிடக்கிறதாம். அக்காள் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"வா மேரி, ஊட்டுக்குப் போலாம்" என்றார். குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை. அவருடைய நடிப்பு எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் எனக்கே அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது.

அக்காள் வாழைமரத்தடியில் கட்டியிருந்த காளையைக் காட்டினாள். "அது இல்லாம நான் வாரதில்லைங்க. அது என்ற காளை, மூணு மாசம் உசிரோட இருந்து சம்பாரிச்சேன். உங்களுக்கு வேணுமின்னா வெலைக்குத் தாரேன். அதைப் புடிச்சிக்கிட்டு முன்னால நடங்க, நான் பின்னாலயே வந்தர்றேன்."

"எவ்வளவு?"

"முந்நூத்திப் பத்து. நல்ல காளையோட வெலை."

மச்சான் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்தார். ஏழு மாடு விற்ற பணம் மொத்தமும் அதில்தான் இருந்தது. நோட்டுகளை எடுத்தார். அக்காள் ஏற்கெனவே துணி மூட்டையைக் கட்டித் திண்ணையோரம் வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் வருவார் என்று தினம் காலையில் கட்டி, பொழுது சாய அவிழ்த்திருக்கிறாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"முந்நூறு வெச்சுக்கிறயா, மேரி?"

அக்காள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு போய்க் காளையை அவிழ்த்து, தோட்டத்தில் ஓட்டுகிற ஒற்றை மாட்டு ஏரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாழைக்கு நடுவே நடந்தாள். "முந்நூத்திப் பத்து! முந்நூத்திப் பத்து, மேரி!" என்று அவர் கத்தியது தோட்டம் முழுக்கக் கேட்டது. அவள் திரும்பவில்லை.

என் மடியில் அன்றைக்குப் பதினாலு ரூபாய் இருந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு பத்தை எடுத்து அவர் கையில் வைத்திருந்தால் என் அக்காள் தன் வீட்டுக்குப் போயிருப்பாள். அவர் முந்நூறு என்றுதான் கேட்பார் என்று எனக்கு முன்பே தெரியும். நான் வைக்கவில்லை.